எத்தனை சைடு? எத்தனை கட்டில்?

(திருப்பூரில் பனியன், பஞ்சாலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை.)



இந்த மேடையில் வழக்கமாகப் பஞ்சப்படி பேசுவார்கள், போனஸ் பேசுவார்கள், கூலி ஒப்பந்தம் பேசுவார்கள். இன்றைக்கு நர்ஸ் வேலையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஊசி போடுகிறவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள், அவர்கள் பாடு அவர்களுக்கு" என்று பின்வரிசையில் யாராவது நினைத்துக் கொண்டிருக்கலாம். ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைக் குறைத்தால் பணம் மிச்சமாகிறது என்கிறார்களே, அந்தப் பணம் மிச்சமாவதில்லை. அது உங்கள் மடியிலிருந்து போகிறது. எப்படிப் போகிறது என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

இங்கே ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் பார்க்கிற சகோதரிகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சைடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சைடு பார்த்தவளை நான்கு சைடு பார்க்கச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு பக்கம் இழை அறுந்து கிடக்கும்போது இன்னொரு பக்கம் ஓடிக்கொண்டிருப்பாள். ஓடி ஓடிக் கால் வீங்கும். நூல் கெட்டால் பழி அவள் தலையில். கோவை, திருப்பூர் மில்களில் எத்தனையோ தகராறுகள் இந்த ஒரு கேள்வியில்தான் எழுந்தன: ஓர் ஆளுக்கு எத்தனை சைடு?

எங்கள் வேலையிலும் அதே கேள்விதான். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? ஒரு வித்தியாசம் உண்டு. உங்களுக்கு அறுவது இழை. பிணைத்துவிடலாம்.

காகிதக் கணக்கும் ராத்திரிக் கணக்கும்

1947-ல் வந்த சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில் ஒரு விகிதம் வகுத்தது. மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ். மற்றப் பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ். கேட்க நன்றாக இருக்கிறது. ஐந்து பேரை ஒருத்தி பார்ப்பதென்றால் தாராளமாகப் பார்க்கலாமே என்று தோன்றும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. மஸ்டர் ரோலில் இருக்கிற பெயரை எண்ணுவது வேறு, மிஷினில் நிற்கிற ஆளை எண்ணுவது வேறு என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? முப்பது கட்டில் வார்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு ஒன்று என்றால் ஆறு நர்ஸ். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆக எந்த நாளிலும் ஆறு பேரில் ஒருத்தி வீட்டில் இருப்பாள். மிச்சம் ஐந்து. ஒருத்திக்குப் பிரசவ லீவு, இல்லாவிட்டால் காய்ச்சல், இல்லாவிட்டால் முகாம் வேலைக்கென்று வேறிடம் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் நான்கு. இந்த நான்கு பேரை மூன்று ஷிப்டுக்குப் பிரியுங்கள். காலையில் இரண்டு பேர், மத்தியானம் ஒருத்தி, ராத்திரி ஒருத்தி. விதியில் எழுதியிருக்கிற ஐந்துக்கு ஒன்று அப்படியே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு முப்பது பேருக்கு ஒருத்தி நிற்கிறாள்! காகிதத்தில் ஒரு குற்றமும் இல்லை. லீவு போகிறவர்களுக்கு ஈடாக நூற்றுக்கு முப்பது பேர் கூடுதலாக வேண்டுமென்றும் விதி சொல்கிறது. அந்த முப்பது பேரை நான் வேலை பார்த்த எந்த வார்டிலும் கண்டதில்லை.

இப்போது அந்த ராத்திரி நர்ஸின் எட்டு மணி நேரத்தைப் பாருங்கள். முப்பது பேரில் நான்கு பேர் எழுந்திருக்க முடியாதவர்கள். ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிவு, ஒருவருக்குப் பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, தோல் செத்து, படுக்கைப்புண் விழும். புண் ஆழமானால் எலும்பு தெரியும், விஷம் ரத்தத்தில் ஏறும். நான்கு பேரை எட்டு மணி நேரத்தில் நான்கு தரம் புரட்டினால் பதினாறு தரம். ஒரு தரத்துக்குப் பத்து நிமிஷம் என்றால் நூற்று அறுபது நிமிஷம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இதற்கு மட்டுமே போய்விட்டது. புரட்டுவதும் ஓர் ஆளால் ஆகிற காரியமல்ல, இரண்டு பேர் வேண்டும். மிச்சம் இருபத்தாறு பேருக்கு ஊசி, மருந்து, டிரிப் பாட்டில், காய்ச்சல், ரத்த அழுத்தம், மூத்திர அளவு. அத்தனையையும் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். நடுவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

அப்படியானால் அந்த நான்கு பேரையும் யார் புரட்டுகிறார்கள்?

உங்களுக்கே தெரியும். "கூட ஒருத்தர் இருக்கணும்" என்று சொல்கிறார்களே, அந்த ஒருத்தர்தான். புருஷன் படுத்தால் பெண்டாட்டி, அப்பன் படுத்தால் மகள். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, மூத்திரப் பை நிறைந்ததா என்று பார்த்துக்கொண்டு, டிரிப் முடிந்தால் "சிஸ்டர், சிஸ்டர்" என்று ஓடி வந்துகொண்டு இருக்கிறாளே, அவள் யார்? சம்பளமில்லாத நர்ஸ். முப்பது கட்டிலுக்கு முப்பது பேர்! அவள் கைமடிக்கிறவளாக இருந்தால் கம்பெனியில் பத்து நாள் கூலி போயிற்று. நாற்று நடுகிறவளாக இருந்தால் அந்த நடவே போயிற்று. செக்கிங்கில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டால் வேலையும் போயிற்று. உங்கள் ஒரு நாள் கூலி எவ்வளவோ அதைப் பத்தால் பெருக்குங்கள், பிறகு முப்பதால் பெருக்குங்கள். நர்ஸ்களை நியமிக்காமல் "மிச்சம்" பிடித்த பணம் எங்கே இருந்தது என்று அப்போது தெரியும்.

இதை எந்த பட்ஜெட்டிலும் எழுதமாட்டார்கள்.

எங்கள் சித்தாந்தம் என்ன சொல்கிறது

நர்ஸ் வேலைக்கும் சித்தாந்தம் உண்டா என்று சிரிக்காதீர்கள். உண்டு. அதைப் படித்துப் பரீட்சை எழுதித்தான் வார்டுக்கு வருகிறோம்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் படம் எல்லா நர்ஸிங் பள்ளியிலும் தொங்கும், கையில் விளக்கோடு. அவர் பிறந்த மே 12-ஐ உலக நர்ஸ் தினமாகக் கொண்டாடி எங்களுக்கு ரோஜாப்பூ கொடுப்பார்கள். எனக்கு அந்த விளக்கைவிட அவர் போட்ட கணக்கின் மீதுதான் மரியாதை. 1854-ல் கிரீமிய யுத்தத்தில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்க்க 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்குடாரிக்குப் போனார். குண்டு பட்டுச் செத்தவனைவிடக் காலராவிலும் சீதபேதியிலும் செத்தவன்தான் அதிகம். நர்ஸ்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் குளிர்காலம் முழுவதும் சாவு குறையவில்லை. 1855 மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து, ஆஸ்பத்திரிக்கு அடியில் அடைபட்டுக் கிடந்த சாக்கடையை வெட்டி, தண்ணீரையும் காற்றோட்டத்தையும் சீராக்கிய பிறகுதான் குறைந்தது. ஊருக்குத் திரும்பிய அம்மையார் இந்தச் சாவுகளையெல்லாம் படமாக வரைந்து, புள்ளிவிவரமாக அடுக்கி, சர்க்காரின் முகத்துக்கு முன்னால் வைத்தார். 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சங்கத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர். காற்று, வெளிச்சம், நல்ல தண்ணீர், சாக்கடை, சுத்தம் இவை இல்லாமல் எந்தச் சேவையும் எடுபடாது என்பதுதான் அவருடைய சித்தாந்தம். தியாகத்தால் மட்டும் நோயாளி பிழைக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். ரோஜாப்பூ கொடுக்கிறவர்கள் இதைப் படிப்பதில்லை.

அடுத்து அமெரிக்காவின் வர்ஜீனியா ஹென்டர்சன். நர்ஸ் என்பவள் யார் என்று இவர் சொன்ன விளக்கம் 1960 வாக்கில் உலகமெங்கும் பரவியது. மனிதன் தனக்குத் தானே செய்துகொள்கிற காரியங்கள் இருக்கின்றன. மூச்சு விடுவது, சாப்பிடுவது, மலஜலம் கழிப்பது, தூங்குவது, உடுத்துவது, மனத்திலிருப்பதைப் பேசுவது என்று பதினான்கு சொல்கிறார். பலமோ, மனத்தெம்போ, விவரமோ இல்லாமல் ஒருவனால் அவற்றைச் செய்துகொள்ள முடியாமல் போகும்போது அவனுக்காக அதைச் செய்வதும், சீக்கிரமே அவன் தானே செய்துகொள்ளும்படி ஆக்குவதும் நர்ஸின் வேலை. சாவுதான் வருகிறது என்றால் அமைதியாகச் சாக உதவுவதும் அவள் வேலை. ஊசி போடுவது இந்தப் பதினான்கில் ஒன்றாகவே இல்லை.

நடப்பில் என்ன? அந்தப் பதினான்கையும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவளிடம் தள்ளிவிட்டு, ஊசியையும் ரிஜிஸ்டரையும் மட்டும் நர்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

இதில் பனியன் கம்பெனித் தோழர்களுக்கு நன்றாகப் புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. பவர் டேபிளில் ஒருவர் கை வைப்பார், ஒருவர் கழுத்துப்பட்டி வைப்பார், ஒருவர் அடி மடிப்பார். முழு பனியனை யாரும் தைப்பதில்லை. இதே ஏற்பாட்டை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி வார்டு முழுக்க ஊசி போட்டுக்கொண்டே போவாள், ஒருத்தி பிரஷர் பார்த்துக்கொண்டே போவாள், ஒருத்தி கட்டு மாற்றுவாள். வேலை வேகமாக நடக்கும், ஆள் குறைவாகப் போதும். ஆனால் "நேற்று சாயந்திரத்திலிருந்து இந்த அம்மா சரியாகப் பேசவில்லையே, முகம் கோணுகிறதே" என்று கவனிக்கிற ஆள் இல்லை. எல்லாரும் கையையும் காலையும் பார்த்தார்கள், ஆளை யாரும் பார்க்கவில்லை. இதை எதிர்த்து 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் மேரி மான்தே என்ற நர்ஸும் அவருடைய சகாக்களும் வேறொரு முறையைத் தொடங்கினார்கள். ஒரு நோயாளி வந்து சேர்ந்ததிலிருந்து வீடு போகும்வரை அவருக்குப் பொறுப்பு ஒரு குறிப்பிட்ட நர்ஸ். அவர் பெயர், ஊர், வீட்டு நிலைமை, மருந்து எல்லாம் அந்த நர்ஸுக்குத் தெரியும். நல்ல முறைதான், நர்ஸ்களுக்கும் பிடித்த முறை. ஆனால் முப்பது பேருக்கு ஒருத்தி என்று வைத்துக்கொண்டு இதை நடத்த முடியாது. எந்த உயர்ந்த சித்தாந்தமும் கடைசியில் இந்த எண்ணிக்கையில் வந்துதான் முட்டிக்கொள்கிறது.

ஆள் இருந்து, மனமும் இருந்தால் நர்ஸிங் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியின் நர்ஸ் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் அதே ஆஸ்பத்திரியின் கடைநிலை ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18-ல் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே கிடந்தார். அவரைப் பரிசோதித்த டாக்டர்கள் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கையில், அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை என்றார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த நர்ஸ்கள் புரட்டிப் படுக்கவைத்தார்கள், ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள். கோர்ட்டே அவர்களைப் பாராட்டியது. ஆனால் அருணாவுக்கு நேர்ந்தது ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே நேர்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ராத்திரி ஷிப்டு முடிந்து மில் வாசலில் இறங்குகிற பெண்ணின் பயமும் டியூட்டி முடிந்து இருட்டில் விடுதிக்கு நடக்கிற நர்ஸின் பயமும் ஒன்றேதான்.

ஒரு நோயாளி கூடினால்

"கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிற அதிகாரிகளுக்கு 2002-ல் விடை கிடைத்தது. லிண்டா எய்கன் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷன் ஆன இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை எடுத்தார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், முப்பது நாளுக்குள் சாகிற வாய்ப்பு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு ஏழு வீதம் கூடுகிறது. நூறு பேரில் ஏழு பேர் சாகிறார்கள் என்று பொருளல்ல. இருக்கிற ஆபத்து அவ்வளவு வீதம் உயர்கிறது; ஒவ்வொரு நோயாளி கூடும்போதும் உயர்கிறது. 2014-ல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே விடைதான் வந்தது. அந்த ஊர்களில் நர்ஸ் கணக்கு எட்டா, பத்தா என்று சண்டை. நம் முப்பதை அவர்கள் அட்டவணையில் வைக்கவே இடமில்லை.

கலிபோர்னியாவில் நர்ஸ்களின் சங்கம் பல ஆண்டு போராடி 1999-ல் சட்டம் வாங்கிற்று. அது 2004-ல் நடப்புக்கு வந்தது. சாதாரண வார்டில் முதலில் ஆறு பேருக்கு ஒருத்தி, 2005 முதல் ஐந்து பேருக்கு ஒருத்தி. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேருக்கு ஒருத்தி. சட்டத்தின் உயிர்நாடி "எல்லா நேரமும்" என்ற சொல்தான். சாப்பாட்டு வேளையிலும் அந்த விகிதம் இருக்க வேண்டும், ராத்திரி இரண்டு மணிக்கும் இருக்க வேண்டும். அங்கே கவர்னராக இருந்த சினிமா நடிகர் ஷ்வார்ஸ்நெக்கர் இதைத் தள்ளிப்போடப் பார்த்தார். நர்ஸ்கள் தெருவில் இறங்கினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 2005-ல் அவர் முயற்சி தோற்றது.

பூமாரியும் வேலைநீக்கமும்

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-லேயே நர்ஸிங் பயிற்சி தொடங்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் பட்டப்படிப்பே வந்துவிட்டது. டில்லியோடு சேர்த்து நாட்டில் அதுதான் முதல். அதே 1946-ல் போர் கமிட்டி கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்தார். அந்த நிலையோடு ஒப்பிட்டால் இன்று எங்கோ வந்துவிட்டோம், மறுக்கவில்லை. இப்போது பிரச்னை படித்த பெண்கள் இல்லை என்பதல்ல. படித்தவர்களை என்ன விலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

2015-ல் அரசின் தேர்வு வாரியம் போட்டிப் பரீட்சை வைத்து ஏழாயிரத்துக்கும் அதிகமான நர்ஸ்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கை. இரண்டு வருஷம் ஆயிற்று. 2017 நவம்பர் 27-ல் ஆயிரக்கணக்கானோர் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவ இயக்குநரக வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. ஹைகோர்ட் தலையிட்டு வேலைக்குத் திரும்பச் சொன்னது. சம்பளம் பின்னர் 14,000 ஆயிற்று, 2023-ல் 18,000 ஆயிற்று. நிரந்தரம் கொஞ்சம் கொஞ்சமாக, சொட்டுச் சொட்டாக. 2025 டிசம்பரில் மறுபடியும் சென்னையில் உட்கார்ந்தார்கள், அதே கோரிக்கையோடு.

பக்கத்துக் கட்டிலில் நிரந்தர நர்ஸ் அதே ஊசியைத்தான் போடுகிறாள். வாங்குவது பல மடங்கு. ஒரே மிஷின், ஒரே வேலை, ஒருவனுக்குக் கம்பெனிக் கூலி, ஒருவனுக்குக் காண்ட்ராக்ட் கூலி என்பது உங்களுக்குப் பழக்கமில்லாததா?

கொரோனா காலம் ஞாபகம் இருக்கிறதல்லவா? 2020 மார்ச் 22 சாயந்திரம் ஐந்து மணிக்குத் தட்டு அடித்தோம், கை தட்டினோம். மே 3-ம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர் ஆஸ்பத்திரிகளின் மேல் பூவைக் கொட்டியது. அந்த நெருக்கடியில் அவசரமாக எடுக்கப்பட்டு, பாதுகாப்பு உடைக்குள் வேர்த்து நனைந்து வேலை பார்த்தவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டு நர்ஸ்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓடு ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். புத்தாண்டு அன்று அவர்கள் தெருவில் நின்றார்கள். மேலிருந்து பூப்போடச் செலவழித்த பெட்ரோலுக்கு எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம் என்று கணக்குப் பார்க்க எனக்குக் கை துறுதுறுக்கிறது, விடுங்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் கதை இன்னும் மோசம். 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன்பேரில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. 200 கட்டிலுக்கு மேலுள்ள ஆஸ்பத்திரி சர்க்கார் நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும். ஐம்பது கட்டிலுக்குக் கீழே இருந்தாலும் 20,000-க்குக் குறையக்கூடாது என்று கமிட்டி சிபாரிசு செய்தது. சிபாரிசு சிபாரிசாகவே கிடந்தது. கேரளத்தில் நர்ஸ்கள் 2011 முதலே சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கால்நடையாகப் புறப்படப் போகிறோம் என்று அறிவித்தார்கள். புறப்படுவதற்கு முதல்நாள், ஏப்ரல் 23-ல், 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பள உத்தரவு வெளிவந்தது. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் நின்ற திருப்பூருக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

இன்னொரு தந்திரம். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்வது. இடையில் விலகினால் இத்தனை ரூபாய் கட்டு என்று பத்திரம் எழுதி வாங்குவது. எனக்குப் பின்னால் படித்து வந்த பெண்கள் எத்தனையோ பேர் தனியார் ஆஸ்பத்திரிகளில் இப்படி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். "மூன்று வருஷம் முடித்தால்தான் மொத்தப் பணம்" என்று மில் விடுதியில் பெண்களைப் பூட்டிவைத்த சுமங்கலித் திட்டத்துக்கும் இதற்கும் பெயர்தான் வேறு. கயிறு ஒன்றே. இதில் வெறுத்துப்போய் நல்ல கைகாரிகள் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விடுகிறார்கள். உலகத்தில் நர்ஸ் வேலை பார்ப்பவர்களில் ஏழில் ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வந்தவர் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பெனிக்குள் ஒரு நர்ஸ்

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே தொழிலாளியைப் பார்க்க வேண்டிய நர்ஸ் ஒருத்தி உண்டு. 1878-ல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் கடுகுத்தூள் செய்கிற கால்மன் கம்பெனி பிலிப்பா பிளவர்டே என்ற பெண்ணை வேலைக்கு வைத்தது. காலையில் டாக்டரோடு கம்பெனியில் இருப்பார். பிற்பகலில் நோயாய்க் கிடக்கும் தொழிலாளிகளின் வீட்டுக்குப் போவார். தொழிற்சாலை நர்ஸ் என்ற உத்தியோகம் இப்படித்தான் பிறந்தது. நம் நாட்டில் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45-வது பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் மருத்துவ, நர்ஸிங் ஊழியர் பொறுப்பில் ஆம்புலன்ஸ் அறை வேண்டுமென்றது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21-ல் வந்த புதிய தொகுப்புச் சட்டமும் 500 என்ற எண்ணை அப்படியே வைத்திருக்கிறது.

திருப்பூரில் வேலை எப்படி நடக்கிறது? நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம், செக்கிங் பேக்கிங் வேறிடம். ஒவ்வொன்றும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். இருபது பேர், நாற்பது பேர், நூறு பேர். ஊர் முழுக்க லட்சக்கணக்கானோர் உழைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணுக்குப் பெரும்பாலான கூரைகளின் கீழே ஐந்நூறு பேர் இல்லை. நர்ஸ் இல்லாத இடத்தில் யார் மருந்து கொடுக்கிறார்கள்? 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் சுமார் நூறு பெண்களிடம் விசாரித்து எழுதினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால், வீட்டுக்கு அனுப்பாமல், பெயரோ தேதியோ எழுதாத மாத்திரையைக் கொடுத்து மறுபடி மிஷினில் உட்காரவைக்கிறார்கள். கொடுப்பவர் பெரும்பாலும் சூபர்வைசர். வலியைப் போக்குவது நல்ல காரியம்தானே என்று கேட்கலாம். படித்த நர்ஸாக இருந்தால் முதலில் கேட்பாள்: எத்தனை நாளாக வலி? எவ்வளவு போகிறது? வயிற்றுப்புண் உண்டா? கர்ப்பமா? சூபர்வைசருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஷிப்டு முடிய இன்னும் எத்தனை பீஸ்?

ஆளுக்கு ஒரு நர்ஸ் வைக்கச் சின்ன யூனிட்டால் முடியாது என்பது உண்மை. ஒரு தெருவிலுள்ள இருபது யூனிட்டும் சேர்ந்து ஒருத்தியை வைக்க முடியும். சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரிக்கச் சாயப்பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டவில்லையா? சாயத்தண்ணீருக்குக் கிடைத்த ஏற்பாடு தையற்காரிக்குக் கிடைக்கட்டும்.

கிராமத்துத் தோழர்களுக்கு நர்ஸ் என்றால் துணைச் சுகாதார நிலையத்துக் கிராம நர்ஸ்தான். சமவெளியில் 5,000 ஜனத்துக்கு ஒரு நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணி, பிரசவம், குழந்தை எடை, காய்ச்சல் கணக்கு எல்லாம் அவர் தலையில். இப்போது அதோடு கம்ப்யூட்டர் பதிவும். கர்ப்பிணியின் வீட்டுக்குப் போய் அரைமணி பேசுவதைவிட, போனதாகப் பதிவதற்கு அதிக நேரம் ஆகிறது என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கூட ஒருவரும் இல்லாதவன்

இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உங்கள் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிற பையன்கள், பெண்கள். நான் வேலையிலிருந்த கடைசி வருஷங்களில் அப்படி ஒரு பையன், லாரி மோதித் தொடை எலும்பு முறிந்து வந்து சேர்ந்தான். "கூட யாருப்பா?" என்று கேட்டேன். பாஷை புரியவில்லை. கையைக் காட்டிக் கேட்டபோது, ஒருவரும் இல்லை என்று தலையை ஆட்டினான். மற்றக் கட்டில்களிலெல்லாம் அம்மாவோ பெண்டாட்டியோ இருந்தார்கள். இவனைப் புரட்ட, ஊட்ட, மலம் எடுக்க ஆளில்லை. பக்கத்துக் கட்டில் கிழவருக்குத் துணையாக வந்திருந்த காங்கயம் பக்கத்து அம்மாள்தான், "நம்ம பையனாட்ட இருக்கறான் கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்று தன் வீட்டுக் கஞ்சியில் பாதியை ஊற்றினார். அந்த அம்மாளைக் கும்பிடுகிறேன். ஆனால் ஓர் ஆஸ்பத்திரி அந்த அம்மாளின் இரக்கத்தை நம்பி நடக்கக்கூடாது. வெறும் கட்டிலில் ஒருத்தன் தனியாகக் கிடக்கும்போதுதான் நர்ஸ்களின் உண்மையான எண்ணிக்கை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

இப்போது உங்கள் பங்குக்கு வருகிறேன். ஈ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டில் 1955-ல் கோவையில்தான் முதலில் வந்தது. திருப்பூருக்கென்று 100 கட்டில் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2024 பிப்ரவரி 25-ல் திறந்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் வந்தது. கட்டடம் வந்ததில் சந்தோஷம்தான். திறப்பு விழாவில் கட்டில் எண்ணிக்கையைச் சொல்வார்கள். ராத்திரி நர்ஸ் எண்ணிக்கையைச் சொல்லமாட்டார்கள். கட்டில் யாரையும் புரட்டாது. ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள், அதன் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். அவர்களிடம் கொடுத்தனுப்ப வேண்டிய கேள்வி நீளமானதல்ல. இந்த வார்டில் நிரந்தர நர்ஸ் எத்தனை, ஒப்பந்த நர்ஸ் எத்தனை, ராத்திரி இரண்டு மணிக்கு நிற்பவர் எத்தனை? வார்டு வாசலில் ஷிப்டுவாரியாக அந்த எண்ணைப் பலகையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மில்லில் சைடு கணக்கை எழுதி ஒட்டவைத்த கைகளுக்கு இது பெரிய காரியமல்ல.

உறவுக்காரர்கள் ஆத்திரப்பட்டு முதலில் பாய்வது நர்ஸ் மேல்தான். டிரிப் நின்றுவிட்டது, கூப்பிட்டால் வரவில்லை என்று சட்டையைப் பிடிக்க வருகிறார்கள். அடுத்த முறை அப்படிக் கோபம் வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்னால் வார்டைச் சுற்றி ஒரு தரம் கட்டில்களை எண்ணிவிட்டு வாருங்கள். எண்ணியதை ஒரு சீட்டில் தேதி, மணியோடு எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அப்படிப் பத்துச் சீட்டு சேர்ந்தால் மனு எழுத நானும் வருகிறேன்.